இன்வர்லாக்கில் துருவ டைனோசர்கள்: முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டைனோசர் காலத்தில் தென்துருவ வட்டத்துக்குள் கிடந்த நிலத்தில் நடக்க அண்டார்க்டிகாவுக்குக் கப்பலேற வேண்டியதில்லை. மெல்பர்னிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் போதும். விக்டோரியா மாநிலத்தின் தென்கரையில் இன்வர்லாக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 12.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆஸ்திரேலியா அண்டார்க்டிகாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் பிரியத் தொடங்கிய பள்ளத்தாக்கில் ஓடிய ஆறுகளின் மணலும் சேறும்தான் இன்று அந்தக் கரையில் பாறையாக இருக்கின்றன.

தூரம் குறைவுதான், தகவல்தான் ஓரிடத்தில் இல்லை. ஓத அட்டவணை (கடல் ஏறி இறங்கும் நேரங்கள்) ஒரு பக்கம், பூங்கா விதிகள் ஒரு பக்கம், சுற்றுலா நேரங்கள் இன்னொரு பக்கம். பாதி இணையப் பக்கங்கள் பல வருடம் பழசு. ஒவ்வொரு இடமாகக் கேட்டு நான் சேர்த்ததை வரிசைப்படுத்தித் தருகிறேன். வரலாறு வேண்டுமென்றால் வேறெங்காவது படித்துக்கொள்ளுங்கள்; போய்ப் பார்த்துவிட்டு பத்திரமாகத் திரும்புவதற்கு என்ன வேண்டுமோ அது மட்டும் இங்கே.

1. எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று தெளிவாக இருங்கள்

நின்றுகொண்டிருக்கும் எலும்புக்கூட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். விக்டோரியாவின் துருவ டைனோசர்கள் பெரும்பாலும் தனித்தனி எலும்புகளாகத்தான் கிடைத்திருக்கின்றன: ஒரு தாடை, ஒரு தொடை எலும்பு, உதிர்ந்த பற்கள். குவாண்டஸ் விமான நிறுவனத்தின் பெயரால் 1999-இல் பெயரிடப்பட்ட குவாண்டசாரஸ், இன்வர்லாக் அருகே கிடைத்த தாடைகளை வைத்து அறியப்பட்டதுதான். முழு விலங்கே இரண்டு மீட்டர் நீளத்துக்குள்தான் இருந்திருக்கும்.

ஆகவே குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிரம்மாண்டம் வேண்டுமென்றால் மியூசியம். கடற்கரையில் பார்ப்பது பாறை, காலடித் தடம், கரியாகிப்போன மரம், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு எலும்புத் துண்டு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். தேடினால் 'டைனோசர் கோவ்' என்ற பெயர்தான் முதலில் வந்து நிற்கும். அது இன்வர்லாக்கில் இல்லை. மெல்பர்னுக்கு மேற்கே, கேப் ஓட்வே பக்கம் இருக்கிறது. 1984 முதல் 1994 வரை டாம் ரிச், பட்ரீசியா விக்கர்ஸ்-ரிச் என்ற புதைபடிவ ஆய்வாளர் தம்பதியின் குழு அங்கே வெடிவைத்துச் சுரங்கம் குடைந்து எலும்பெடுத்தது. அவர்களுடைய மகளின் பெயர் தாங்கிய லீயலினசாரா என்ற டைனோசர் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் பார்வையாளருக்கான இடம் அல்ல அது. செங்குத்தான சரிவு, கீழே கடல், இறங்கினால் பார்க்க ஒன்றுமில்லை. பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

2. காகிதங்கள்

மெல்பர்னில் ஏற்கெனவே இருப்பவர்கள் விசா பத்தியைத் தாண்டிப் போகலாம்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு 600-ஆம் உட்பிரிவு பார்வையாளர் விசா வேண்டும். ஆஸ்திரேலியக் குடிவரவுத் துறையின் இம்மிஅக்கவுண்ட் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், முகவர் தேவையில்லை. கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கறிக்கை, வேலைக்கான கடிதமோ தொழில் பதிவோ, பயணத் திட்டம், ஊர் திரும்பக் காரணமிருக்கிறது என்று காட்டும் ஏதாவது. இவைதான் அடிப்படை. கட்டணம் ஒவ்வொரு ஜூலையிலும் மாறக்கூடும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் அரசுத் தளத்தில் பார்ப்பதே சரி. மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பி வராது. இரண்டு மாதமாவது முன்னதாகப் போட்டுவிடுங்கள்.

மலேசிய, சிங்கப்பூர், கனடாக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு வேலை சுலபம். 601 என்ற மின்னணு அனுமதியைக் கைப்பேசிச் செயலியிலேயே வாங்கிவிடலாம். சேவைக் கட்டணம் 20 ஆஸ்திரேலிய டாலர். பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் கடவுச்சீட்டு என்றால் 651, அது இலவசம். 651-க்குப் பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல.

கார் ஓட்டப் போகிறீர்களா? உங்கள் ஊர் உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் அதையே காட்டலாம். இல்லையென்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ அதிகாரபூர்வ மொழிபெயர்ப்போ கூடவே இருக்க வேண்டும். கைப்பேசியில் எடுத்த படம் போதாது, அசலைக் கொண்டுபோங்கள். வாடகைக் கார் கொடுப்பவர்கள் உரிமத்திலுள்ள அதே பெயரில் கடன் அட்டையும் கேட்பார்கள். நம் ஆட்களின் தகப்பன் பெயர்க் குழப்பம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். முன்பதிவில், கடவுச்சீட்டில் இருக்கிற வரிசைப்படியே பெயரைக் கொடுங்கள்.

ஒரு சின்ன விஷயம், பலரும் கவனிப்பதில்லை. விமானத்தில் தரும் அட்டையில் காலணியில் மண் இருக்கிறதா என்ற அர்த்தத்தில் ஒரு கேள்வி வரும். மலையேறிய காலணியைக் கழுவாமல் பெட்டியில் போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொன்னால் கழுவித் தருவார்கள், மறைத்தால் அபராதம்.

3. நாளை ஓதம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் பயணத்தின் உயிர் இந்தப் படிதான். விமானச் சீட்டு, விடுதி எல்லாம் இதற்குப் பிறகு.

நீங்கள் பார்க்கப் போகும் இடத்தின் பெயர் ஃப்ளாட் ராக்ஸ். இன்வர்லாக்கிலிருந்து கேப் பேட்டர்சன் போகும் புனுராங் சாலையில், 'தி கேவ்ஸ்' வாகன நிறுத்தத்துக்குக் கீழே இருக்கும் தட்டையான பாறைப் பரப்பு. கடல் உள்வாங்கும்போது மட்டும்தான் அது வெளியே தெரியும். ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் போனால் அலையைப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். 1994 முதல் 2013 வரை அங்கே தோண்டிய குழுவுக்கே இதே கதை. தினமும் கடல் குழியை மூடும், தினமும் தண்ணீரையும் மணலையும் அள்ளிக் கொட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள்.

கணக்கு இப்படி. ஒரு நாளில் இரண்டு தாழ்ஓதம் (கடல் மிகவும் இறங்கி நிற்கும் நேரம்), இடையே ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரம். மறுநாள் அதே ஓதம் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக உள்வாங்கும். எனவே காலண்டரில் முதலில் அமாவாசை, பௌர்ணமியைக் குறித்துக்கொண்டு, அவற்றையொட்டிய நாட்களில் எதில் தாழ்ஓதம் பகல் வெளிச்சத்தில், காலை பத்துக்கும் மாலை மூன்றுக்கும் இடையே வருகிறது என்று பாருங்கள். ஆஸ்திரேலிய வானிலைத் துறையின் தளத்தில் ஓத முன்கணிப்பு இலவசமாகக் கிடைக்கும்.

பொறிகள் மூன்று.

அட்டவணை எந்த நேரக் கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள். அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை விக்டோரியாவில் கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடும். வானிலைத் துறை இதைச் சேர்த்தே தருகிறது. தனியார் செயலிகளும் அச்சிட்ட கையேடுகளும் எல்லாம் அப்படியல்ல. ஒரு மணி நேரம் பிசகினால் பார்க்கும் நேரத்தில் பாதி போய்விடும்.

இன்வர்லாக் ஊர் இருப்பது ஆண்டர்சன் இன்லெட் என்ற கழிமுகத்தின் வாயில். கழிமுகத்துக்குள் ஓதம் தாமதமாக வரும். திறந்த கடலோரத்தில் சீக்கிரம். படகுத்துறையில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு ஃப்ளாட் ராக்ஸுக்குக் கிளம்பினால் அங்கே ஏற ஆரம்பித்திருக்கும்.

அட்டவணை சந்திரனையும் சூரியனையும்தான் கணக்கிடுகிறது, காற்றை அல்ல. இந்தக் கரைக்கு எதிரே இருக்கும் பாஸ் நீரிணையில் தெற்கிலிருந்து பலத்த காற்றும் உயர்ந்த அலையும் இருந்தால் தாழ்ஓத நேரத்திலும் பாறை மேல் தண்ணீர் அடிக்கும். முந்தின நாள் இரவு அலை உயர முன்னறிவிப்பையும் பார்த்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் போகாதீர்கள்.

தாழ்ஓதத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே பாறையில் இருங்கள். கடல் திரும்பி ஏறத் தொடங்கி அரை மணி ஆனதும் கிளம்பிவிடுங்கள். விடுதியை இரண்டு இரவுக்குப் போடுவது நல்லது. ஒரு நாள் காற்று கெடுத்தாலும் மறுநாள் கையிலிருக்கும்.

மாதம் எது? டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடியும்வரை பள்ளி விடுமுறை. ஈஸ்டரும் அப்படியே. அந்த நாட்களில் இன்வர்லாக் விடுதி விலை ஏறிக் கிடக்கும், இடமும் கிடைக்காது. பிப்ரவரி, மார்ச் மாதங்களின் வார நாட்கள்தான் என் சிபாரிசு.

4. மெல்பர்ன் மியூசியத்தை முதலில் பாருங்கள்

வரிசையை மாற்றாதீர்கள். எலும்பு எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்கம் இல்லாமல் கடற்கரைக்குப் போனால் கறுப்பாக இருப்பதெல்லாம் டைனோசராகத் தெரியும்.

மியூசியம் கார்ல்டன் தோட்டத்தில் இருக்கிறது. 86, 96 எண் டிராம்கள் பக்கத்தில் நிற்கும். 16 வயது வரை இலவசம், பெரியவர்களுக்குக் கட்டணம். மாலை 5 மணிக்கு மூடுவார்கள்.

கூட்டம் மொய்ப்பது ஹாரிடஸ் என்ற டிரைசெராடாப்ஸ் முன்னால். பிரமாதமான எலும்புக்கூடு, மறுக்கவில்லை. ஆனால் அது அமெரிக்காவின் மான்டனாவில் கிடைத்தது, துருவத்தோடு சம்பந்தமில்லை. நீங்கள் விக்டோரியாவின் உயிரினங்கள் இருக்கும் பகுதி எங்கே என்று வாசலில் கேட்டு அங்கே நேரம் செலவிடுங்கள். கூலசூகஸ் என்ற பெயரைத் தேடுங்கள். தட்டையான தலையும் சுமார் மூன்று மீட்டரோ அதற்கு மேலோ நீளமும் கொண்ட நீர்நில வாழ்வி. 2022-இல் விக்டோரியா அரசு தன் மாநிலப் புதைபடிவமாக அறிவித்தது இதைத்தான். உலகின் மற்ற இடங்களில் இதன் இனத்தார் எப்போதோ அழிந்துவிட்டார்கள். இங்கே மட்டும் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்குக் குளிரே காரணம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. முதலைகளுக்கு அந்தக் குளிர் ஆகவில்லை, ஆற்றில் போட்டியில்லாமல் போயிற்று. எனக்கு இந்தக் கரையின் டைனோசர்களைவிட இதுதான் பிடிக்கும்.

எவ்வளவு குளிர்? கணிப்புகள் ஒத்துப்போகவில்லை. ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (எடை மாறுபடும் ஆக்சிஜன் அணு வகைகளை) வைத்துப் பார்த்தவர்கள் ஆண்டுச் சராசரியை உறைநிலையை ஒட்டிச் சொன்னார்கள். செடிகளின் எச்சத்தை வைத்தவர்கள் 10 டிகிரி வரை சொன்னார்கள். ஃப்ளாட் ராக்ஸ் பக்கத்துப் படிவுகளில் நிலம் உறைந்து இளகியதற்கான சுவடுகள் இருப்பது மட்டும் பதிவாகியிருக்கிறது. குளிர்காலத்தில் சூரியன் நெடுநாள் எழாத இருட்டும் இருந்தது. அதில் சின்ன டைனோசர்கள் எப்படிச் சமாளித்தன என்பது இன்னும் சண்டைக்குரிய கேள்வி. டிமிமஸ் என்ற டைனோசர் குளிர்காலத்தை உறங்கிக் கழித்தது என்று 1990-களில் ஒரு கருத்து வந்தது, எலும்பில் வளர்ச்சி நின்ற கோடுகளை வைத்து. பிறகு மற்ற எலும்புகளிலும் அதே கோடுகள் இருக்கின்றன என்று மறுப்பு வந்தது. தகவல் பலகைகளைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

5. போய்ச் சேர

கார் என்றால் சவுத் கிப்ஸ்லாந்து நெடுஞ்சாலை, பிறகு பாஸ் நெடுஞ்சாலை. ஏறத்தாழ 140 கிலோமீட்டர். நகருக்குள்ளும் விமான நிலையப் பாதையிலும் சுங்கச் சாலைகள் உண்டு, காசு வாங்கச் சாவடி இருக்காது. வாடகைக் கார் நிறுவனம் அதற்கு எப்படிக் கட்டணம் பிடிக்கிறது என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள்.

பேருந்து என்றால் சதர்ன் க்ராஸ் நிலையத்திலிருந்து இன்வர்லாக் போகும் வி/லைன் கோச். 2023 மார்ச் முதல் மாநிலம் முழுக்கக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வந்துவிட்டதால் நாள் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு டாலரில் முடியும். ஆனால் அது ஊரில் இறக்கிவிடும். ஃப்ளாட் ராக்ஸ் இன்னும் சில கிலோமீட்டர். புனுராங் சாலை வளைவுகளில் நடைபாதையை நம்பாதீர்கள். டாக்சியையோ சைக்கிளையோ முன்பே ஏற்பாடு செய்துகொண்டு, திரும்பும் கோச் நேரத்தை ஓத நேரத்தோடு வைத்துப் பாருங்கள். பல நாட்களில் இரண்டும் ஒத்துவராது. தங்கித்தான் ஆக வேண்டும்.

ஊரில் முதல் நிறுத்தம் புனுராங் சுற்றுச்சூழல் மையம். தன்னார்வலர்கள் நடத்துவது. புதைபடிவக் காட்சி இருக்கிறது. விடுமுறைகளில் ஃப்ளாட் ராக்ஸுக்கு வழிகாட்டியோடு அழைத்துப் போவதும் உண்டு. முதன்முறை என்றால் அந்தச் சுற்றில் சேருவதற்கே முயலுங்கள். கட்டணம் அதிகமில்லை, தனியாகப் போய் மணிக்கணக்கில் தேடுவதை நொடியில் காட்டிவிடுவார்கள். கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யுங்கள், எல்லா நாளும் திறந்திருக்காது. கடற்கரைக்கு இறங்கும் படிக்கட்டு திறந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்தக் கரையில் அரிப்பு அதிகம், சில வேளை மூடிவிடுகிறார்கள்.

6. பாறையில் என்ன பார்ப்பது

காலணி முக்கியம். பிடிப்புள்ள, நனைந்தாலும் பரவாயில்லை என்ற காலணி. பச்சைப்பாசி படிந்த பாறையில் செருப்போடு நடந்தால் இடுப்பு உடையும். தொப்பி, குடிநீர், மழைச்சட்டை. மலைச்சரிவின் அடியில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். மேலிருந்து கல் விழும்.

பாறை பெரும்பாலும் சாம்பல் நிற மணற்கல். அதில் களிமண் உருண்டைகளும் கரித்துண்டுகளும் கலந்து கரடுமுரடாகத் தெரியும் அடுக்குதான் எலும்பு வரும் அடுக்கு. பழைய ஆற்றின் அடிப்படுகை அது. அந்த அடுக்கில் நீங்கள் பார்க்கும் கறுப்பு முக்கால்வாசியும் கரியான மரம். மினுமினுப்பும் நார்க்கோடுகளும் இருந்தால் மரம். பழுப்போ கருமையோ எதுவானாலும், உடைந்த முனையில் கடற்பஞ்சு மாதிரி நுண்துளைகள் தெரிந்தால் எலும்பாக இருக்க வாய்ப்பு. தோண்டும் குழு பாறையைக் கற்கண்டுக் கட்டி அளவுக்கு உடைத்து உடைத்துத்தான் தேடும். 1997-இல் கிடைத்த ஆஸ்க்ட்ரிபோஸ்ஃபெனோஸ் என்ற பாலூட்டியின் தாடை ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம்தான்.

காலடித் தடங்களையும் கேளுங்கள். 2023-இல் வெளியான ஆய்வு இந்தப் பகுதியில் 27 பறவைத் தடங்களை விவரித்தது, 12 முதல் 12.8 கோடி ஆண்டு வயது. டைனோசர் தடமும் மூன்று விரல்தான். விரல் மெலிந்து, விரல்களுக்கு இடையே கோணம் அகன்றிருந்தால் பறவை. காலை, மாலைச் சாய்வெயிலில் தடங்கள் நன்றாகத் தெரியும், உச்சிவெயிலில் தட்டையாகிவிடும். ஓதம் எப்போது விடுகிறதோ அதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நேரமிருந்தால் அதே சாலையில் மேற்கே ஈகிள்ஸ் நெஸ்ட். 1903-இல் ஃபெர்குசன் என்ற நிலவியலாளர் ஒரு டைனோசர் நகத்தை எடுத்த இடம். ஆஸ்திரேலியாவில் கிடைத்த முதல் டைனோசர் எலும்பு அதுதான். மேலிருந்தே காட்சி நன்றாக இருக்கும்.

7. கை வைக்கக் கூடாதவை

சுத்தியல், உளி எதுவும் கொண்டுபோகாதீர்கள். அந்தக் கரை பாதுகாக்கப்பட்ட பகுதி. பாறையோ புதைபடிவமோ எடுப்பது குற்றம். தங்கம் தேடுகிறவர்கள் வாங்கும் 'மைனர்ஸ் ரைட்' அனுமதி இருந்தால் போதும் என்று சிலர் சொல்லக் கேட்கலாம். அது கனிமத்துக்கு, அதுவும் கடல் தேசியப் பூங்காவில் செல்லாது.

நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது தனி வழக்கு. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று புதைபடிவங்களை ஏற்றுமதி செய்ய அனுமதி கேட்கிறது. கடையில் காசு கொடுத்து வாங்கிய ஆஸ்திரேலியப் புதைபடிவமாக இருந்தாலும் ரசீதோடு, அனுமதி தேவையா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.

தடங்களில் அச்சு எடுக்கிறேன் என்று பிளாஸ்டர் ஊற்றுவது, சுண்ணக்கட்டியால் வரைவது, எதுவும் வேண்டாம். ஃப்ளாட் ராக்ஸில் இருந்த ஒரு டைனோசர் தடத்தை 2017 டிசம்பரில் யாரோ உடைத்துவிட்டார்கள். அதன்பின் உள்ளூர்க்காரர்கள் குனிந்து நிற்பவர்களைக் கவனிக்கிறார்கள். சரியான காரியம்தான்.

8. தோண்டும் குழுவில் சேர விரும்பினால்

'டைனோசர் ட்ரீமிங்' என்ற பெயரில் தேடுங்கள். பிப்ரவரியில் ஃப்ளாட் ராக்ஸுக்கு வாருங்கள், நேரில் பார்க்கலாம் என்று சொல்லும் பழைய பக்கங்களை நம்பிச் சீட்டு எடுக்காதீர்கள். அங்கே வருடாந்தரத் தோண்டல் 2013-ஓடு முடிந்துவிட்டது. பிறகு எங்கே, எப்போது என்பது வருடத்துக்கு வருடம் மாறும். போக நினைக்கும் வருடத்துக்கு முந்தின வருடம் பாதியிலேயே விசாரிக்கத் தொடங்குங்கள். ஆண்டு அறிக்கைகளைப் படித்துவிட்டு எழுதினால் பதிலுக்கு வாய்ப்பு அதிகம்.

சம்பளம் கிடையாது. பார்வையாளர் விசாவில் 8101 என்ற 'வேலை செய்யக் கூடாது' நிபந்தனை இருக்கும். உண்மையான தன்னார்வப் பணி வேறு, வேலை வேறு என்றாலும், தங்குமிடமோ சாப்பாடோ பதிலுக்குத் தருவதாக யாராவது சொன்னால் குடிவரவுத் துறையின் விளக்கத்தைப் படித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். விசா விண்ணப்பத்தில் பயண நோக்கத்தையும் உள்ளபடியே எழுதுங்கள்.

9. ஏதாவது கண்ணில் பட்டால்

எடுக்காதீர்கள், நனைக்காதீர்கள், நகத்தால் சுரண்டாதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ வைத்து, கிட்டே ஒன்று, சுற்றுப்புறம் தெரியத் தள்ளி ஒன்று என்று படமெடுங்கள். கைப்பேசியில் இருப்பிடப் புள்ளியைச் சேமித்துக்கொள்ளுங்கள். அங்கே சிக்னல் விட்டு விட்டு வரும், அதனால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். தேதி, நேரம், ஓத நிலை ஆகியவற்றோடு மியூசியத்துக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். அவசரமாகத் தெரிந்தால் இன்வர்லாக் மையத்தில் அன்றே சொல்லுங்கள், அடுத்த புயலில் மணல் அந்த இடத்தை மூடிவிடலாம். மியூசியத்திலிருந்து பதில் வரச் சில வாரம் ஆகலாம். பெரும்பாலும் 'கரியான மரம்' என்றுதான் வரும். அப்படி வந்தாலும் படத்தையும் இருப்பிடத்தையும் அழித்துவிடாதீர்கள், அடுத்த முறை அதே அடுக்கைக் கண்டுபிடிக்க அது உதவும்.